சைக்கோசிஸ்: அந்தப் பெயர் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

மருத்துவர் கொடுத்த சீட்டில் ‘சைக்கோசிஸ்’ என்று எழுதியிருக்கிறது. வீட்டுக்கு வந்த கையோடு அந்தச் சொல்லைக் கைபேசியில் போட்டுத் தேடியிருப்பீர்கள். பாதிப் பக்கம் படிப்பதற்குள் மூளை நோய், மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரீனியா), ஆயுசுக்கும் மாத்திரை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து அடிவயிற்றைக் கலக்கியிருக்கும். சரி, கைபேசியைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். அந்த ஒரு சொல் உண்மையில் எவ்வளவு தூரம் பேசுகிறது என்று பார்ப்போம்.

வெளியே நிஜமாக நடப்பது எது, நம் மனம் உண்டாக்கியது எது என்று பிரித்தறியும் திறன் நம் எல்லோருக்கும் உண்டு. யோசிக்காமலே அது வேலை செய்துகொண்டிருக்கும். அந்தத் திறன் குலைந்துபோயிருக்கிற நிலைக்குத்தான் சைக்கோசிஸ் என்று பெயர். உங்களுக்கு இப்போது என்ன நடக்கிறது என்பதை அந்தப் பெயர் சொல்கிறது. ஏன் வந்தது, எத்தனை நாள் இருக்கும், திரும்ப வருமா? இந்த மூன்றுக்கும் அதில் பதில் கிடையாது. உங்களை ராத்திரியில் புரளவைப்பது இந்த மூன்றும்தான் என்றாலும், பரிசோதனைகளும் அடுத்து வரும் மாதங்களும்தான் அவற்றுக்குப் பதில் சொல்லும்.

இது ஆயிரத்தில் லட்சத்தில் ஒருவருக்கு வருகிற அபூர்வமான விஷயமும் இல்லை. வாழ்நாளில் எப்போதாவது ஒருமுறை இந்த நிலைக்குள் போய் வருபவர்கள் 100-க்குச் சுமார் 3 பேர். பெரும்பாலும் பதின்ம வயதின் கடைசியிலோ இருபதுகளிலோ முதல் முறை வருகிறது. பெண்களுக்குச் சற்றுத் தாமதமாக வருவதும் உண்டு. படிப்பு, முதல் வேலை, காதல், கல்யாணம் என்று வாழ்க்கை வேகமெடுக்கும் வயதில் வந்து நிற்பதால்தான் இது இத்தனை பெரிய அடியாக இருக்கிறது. சினிமாவில் கத்தியோடு அலைகிற ‘சைக்கோ’வுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பெயரில் உள்ள ஒற்றுமையால் பலர் பட்டிருக்கிற அவமானம் போதும்.

யாரும் இல்லாத இடத்தில் குரல்

பலருக்கு முதலில் வருவது குரல்தான். அறையில் ஆள் இல்லை, ஆனால் யாரோ பேசுகிறார்கள். சிலருக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதோடு நின்றுவிடும். சிலருக்கு இரண்டு பேர் பேசிக்கொள்வதுபோலக் கேட்கும்: “பாரு, இப்ப எழுந்திருக்கப் போறான்.” “எழுந்து என்ன கிழிக்கப் போறானாம்?” இப்படிச் செய்வதையெல்லாம் வர்ணித்துக்கொண்டே இருக்கும். திட்டும், கேலி செய்யும், அபூர்வமாக ஆறுதலும் சொல்லும். இல்லாத ஒன்றைப் பார்ப்பது, யாருக்கும் வராத வாடை அடிப்பது, தோலில் ஏதோ ஊர்வது ஆகியவையும் இதே வகைதான். பொதுவாக இவற்றை மாயப்புலனுணர்வு என்பார்கள்.

இதில் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். குரல் ‘கேட்கிற மாதிரி’ இல்லை, நிஜமாகவே கேட்கிறது. குரல் கேட்கும் நேரத்தில் எடுத்த மூளை ஸ்கேன்களில், பேச்சை உண்டாக்குவதற்கும் கேட்பதற்கும் உரிய பகுதிகள் இயங்குவதைப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே நீங்கள் பொய் சொல்லவில்லை, நடிக்கவுமில்லை. குரல் எங்கிருந்து வருகிறது என்ற கணக்கில்தான் பிசகு.

அந்தப் பிசகு எப்படி நேர்கிறது? நாம் எல்லோரும் மனசுக்குள் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறோம். அப்படிப் பேசும்போது மூளை, ‘இது வெளியிலிருந்து வரவில்லை, நான்தான் பேசுகிறேன்’ என்று கேட்கும் பகுதிக்கு முன்கூட்டியே ஒரு தகவலை அனுப்பிவிடுகிறது. நம் விரலால் நம்மையே கிச்சுகிச்சு மூட்டினால் சிரிப்பு வராததற்குக் காரணமும் இதே மாதிரியான முன்தகவல்தான். தொடப்போவது யார் என்று மூளைக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. சாரா-ஜேன் பிளேக்மோர் குழுவினர் 2000-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்த இடத்தில் சுவாரசியமானது. குரல் கேட்பவர்களுக்கும், தங்களை வேறு ஏதோ ஒரு சக்தி இயக்குகிறது என்று உணர்பவர்களுக்கும், தங்கள் கையே உள்ளங்கையைத் தொடுவதும் வேறொருவர் தொடுவதும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தது. அந்த முன்தகவல் சரியாகப் போய்ச் சேராவிட்டால், சொந்த எண்ணமே அந்நியக் குரலாக வந்து விழும். எல்லாக் குரல்களையும் இந்த ஒரு விளக்கத்துக்குள் அடக்கிவிட முடியாது. ஆனாலும் இதுவரை சொல்லப்பட்டவற்றில் எனக்கு மிகவும் பொருந்துவதாகப் படுவது இதுதான். ‘உன் ரகசியமெல்லாம் எனக்குத் தெரியும்’ என்று அந்தக் குரல் மிரட்டுகிறதே, அதற்கு எப்படித் தெரிந்தது என்ற திகிலுக்கும் இதில் பதில் இருக்கிறது.

குரல் கேட்டாலே சைக்கோசிஸ் என்று அர்த்தமில்லை. தூக்கத்தின் விளிம்பில் யாரோ கூப்பிடுவதுபோல் கேட்பது சாதாரணம். துணையை இழந்தவர்களுக்கு, போனவரின் காலடியோ குரலோ கொஞ்ச காலம் கேட்பதும் உண்டு. அது எவ்வளவு தொடர்ந்து கேட்கிறது, அன்றாடத்தை எவ்வளவு குலைக்கிறது, அதையொட்டி என்ன நம்ப ஆரம்பித்திருக்கிறீர்கள் என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் மருத்துவர் முடிவுக்கு வருவார்.

எல்லாமே என்னைக் குறித்துத்தான்

அடுத்தது, அசைக்க முடியாத தவறான நம்பிக்கைகள். பிரமை என்று பேச்சில் சொல்வதுண்டு. என்னைக் கண்காணிக்கிறார்கள், சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள், என் எண்ணங்கள் வெளியே எல்லோருக்கும் கேட்கின்றன, டிவியில் பேசுகிறவர் எனக்குத்தான் குறிப்பால் ஏதோ சொல்கிறார், எனக்கென்று ஒரு பெரிய கடமை ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. எத்தனையோ வடிவங்கள். உள்ளடக்கம் காலத்துக்கு ஏற்ப மாறுகிறது என்பது வேடிக்கையான உண்மை. முன்பு பேயும் சூனியமும் செய்த வேலையைப் பிறகு ரேடியோ அலைகள் செய்தன. இன்று கைபேசியும் கண்காணிப்புக் கேமராவும் செய்கின்றன. அடிப்படை வடிவம் மட்டும் மாறுவதில்லை. எல்லாம் என்னைச் சுற்றியே நடக்கிறது என்பதுதான் அது.

பெரும்பாலும் இது ஒரே நாளில் வருவதில்லை. பேருந்தில் போகிறீர்கள். முன்சீட்டுக்காரர் இருமுகிறார். அடுத்த நிறுத்தத்தில் சிவப்புச் சட்டைக்காரர் ஒருவர் ஏறுகிறார், உங்களைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். மற்ற நாளாக இருந்தால் இந்த இரண்டும் மனத்தில் பதிந்திருக்கவே இருக்காது. இன்றைக்கோ இரண்டுக்கும் ஏதோ அர்த்தம் இருப்பதுபோல் ‘சுருக்’கென்கிறது. இறங்கினால் கடைப் பலகை, வண்டி எண், தெருவில் யாரோ சிரித்தது என்று ஒவ்வொன்றும் கண்ணைப் பிடித்து இழுக்கிறது. என்னவோ நடக்கப்போகிறது, என்னவென்று மட்டும் தெரியவில்லை. இந்த இனம்புரியாத பீதி நாள்கணக்கில், வாரக்கணக்கில் நீடிக்கும். பிறகு ஒருநாள் சட்டென்று விளங்கிவிடும்: ‘ஓ, இவர்களெல்லாம் சேர்ந்து என்னைப் பின்தொடர்கிறார்கள்.’ அந்த விளக்கம் பயங்கரமானதுதான். ஆனால் அர்த்தமில்லாத பீதியைவிட அர்த்தமுள்ள பயம் தேவலாம். அதனால் அது வந்ததும் ஒருவகை நிம்மதிகூட வரும். அவ்வளவு எளிதில் யாரும் அதைக் கைவிடாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்குப் பின்னால் டோபமைன் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. மூளையில் அது செய்யும் பல வேலைகளில் ஒன்று, ‘இதைக் கவனி, இது முக்கியம்’ என்று முத்திரை குத்துவது. பசிக்கிறவனுக்குச் சாப்பாட்டு வாசனையை முன்னுக்குக் கொண்டுவருவது அதன் வேலை. சைக்கோசிஸில் மூளையின் ஆழத்தில் உள்ள சில பகுதிகளில் டோபமைன் அளவுக்கு மீறிச் சுரக்கிறது. முத்திரை கண்டபடி விழுகிறது. இருமலும் சிவப்புச் சட்டையும் முக்கியமாகிவிடுகின்றன. மனம் சும்மா இருக்குமா? முக்கியமாகத் தோன்றும் ஒவ்வொன்றுக்கும் காரணம் தேடுகிறது. தேடிக் கட்டிய கதைதான் அந்த நம்பிக்கை. இப்படி விளக்கியவர் மனநல மருத்துவர் ஷிதிஜ் கபூர், 2003-இல். டோபமைனைப் பற்றிய அடிப்படைக் கண்டுபிடிப்புக்காக ஆர்விட் கார்ல்சன் 2000-இல் நோபல் பரிசு பெற்றார். டோபமைன் மட்டுமே முழுக் கதை என்று இன்று யாரும் சொல்வதில்லை. ஆனாலும் அனுபவத்தையும் மாத்திரையையும் ஒரே கோட்டில் இணைத்துக் காட்டுவதால் இந்த விளக்கம் தெரிந்திருப்பது நல்லது.

‘அப்படியெல்லாம் ஒன்றுமில்லை’ என்று வீட்டார் எத்தனை முறை சொன்னாலும் நம்பிக்கை அசையாதது ஏன் என்பதும் இப்போது புரியும். அவர்கள் கதையோடு சண்டை போடுகிறார்கள். ஆனால் முத்திரை இன்னும் விழுந்துகொண்டேதான் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. ஊரும் உறவும் சேர்ந்து நம்புகிற ஒன்றை, அது எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும், மருத்துவம் பிரமை என்று சொல்லாது. சுற்றியிருப்பவர்கள் யாரும் பகிர்ந்துகொள்ளாத, எந்தச் சான்றுக்கும் அசையாத நம்பிக்கையைத்தான் சொல்லும்.

சத்தமில்லாத பகுதி

பேச்சு தடம் மாறுவது இன்னொரு அடையாளம். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் தொடர்பில்லாமல் போகும், பாதியில் எண்ணம் அறுந்து நிற்கும். எதிரே இருப்பவருக்குத்தான் இது முதலில் தெரியும்.

குரலும் பயமும் கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் அவற்றையே பேசுகிறார்கள். நாள்பட நாள்பட அதிகம் தொல்லை கொடுப்பது வேறொன்று: இருந்தது இல்லாமல் போவது. குளிக்கத் தோன்றாது. நண்பர் அழைத்தால் எடுக்கத் தோன்றாது. முகத்தில் உணர்ச்சி குறையும், பேச்சு ஓரிரு சொற்களில் நின்றுவிடும். ஒரு பக்கம் படித்துவிட்டு மறுபடி முதல் வரிக்கே வர வேண்டியிருக்கும். வீட்டில் இதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைப்பார்கள். “குரல்தான் நின்னுடுச்சே, இன்னும் ஏன் படுத்தே கிடக்கிறே?” என்று கேட்பார்கள். சோம்பேறி வேலையை விட்டுவிட்டுப் பிடித்ததைச் செய்வான். இங்கே பிடித்தது என்பதே காணாமல் போயிருக்கிறது. இது நோயின் பகுதியாக இருக்கலாம், கூடவே வந்த மனச்சோர்வாக இருக்கலாம், மாத்திரையின் மந்தமாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறுவேறு என்பதால் மருத்துவரிடம் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டிய விஷயம் இது. அவர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

சரி, ஏன் வந்தது?

முதல் முறை சைக்கோசிஸ் வந்தவருக்கு ரத்தம், சிறுநீர், சில சமயம் மூளை ஸ்கேன், மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. எல்லாம் எழுதுவார்கள். எந்த ரத்தப் பரிசோதனையும் ‘இது சைக்கோசிஸ்’ என்று சொல்லாது. உடல் காரணம் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்த்து விலக்கத்தான் இத்தனையும். தைராய்டு கோளாறு, வலிப்பு, மூளைத் தொற்று, ஸ்டீராய்டு மருந்துகள், பார்க்கின்சன் நோய்க்கான மருந்துகள் எல்லாமே இந்த நிலையை உண்டாக்கக்கூடியவை. உடலின் எதிர்ப்பு சக்தியே மூளையின் ஏற்பிகளை (மூளைச் செல்களில் வேதிச் செய்திகளை வாங்கும் இடங்களை) தாக்கும் ஒருவகை மூளை அழற்சியை 2007-இல் ஹோசப் டல்மாவு குழுவினர் அடையாளம் கண்டார்கள். அதற்கு முன்பு அப்படிப்பட்ட நோயாளிகளில் பலரை மனநோயாளி என்றே முடிவுகட்டியிருப்பார்கள். ஆகவே பரிசோதனைக்கு அனுப்பினால் முகம் சுளிக்க வேண்டாம்.

அடுத்து, போதைப் பொருள். கஞ்சா, முக்கியமாக வீரியம் கூடிய வகை, பதின்ம வயதில் தொடங்கி அடிக்கடி புகைப்பது, சைக்கோசிஸ் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. மெத்தாம்ஃபெட்டமைன் போன்றவை நேரடியாகவே கொண்டுவரும். நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தும்போதும் வரலாம். அது உயிருக்கே ஆபத்தான நிலை. நீங்கள் எதையாவது பயன்படுத்தியிருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். ‘வீட்டில் தெரிந்துவிடும்’ என்று தயங்கினால், தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். இந்த ஒரு தகவல் நோயின் பெயரையே மாற்றிவிடக்கூடியது.

பிரசவத்துக்குப் பிறகு முதல் இரண்டு வாரங்களுக்குள் திடீரென்று வரும் சைக்கோசிஸ் தனி வகை. 1,000 பிரசவங்களுக்கு ஒன்றிரண்டில் நேர்கிறது. நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாத அவசர நிலை இது. ஆனால் சிகிச்சைக்கு நன்றாகவே கட்டுப்படும்.

இவையெல்லாம் இல்லையென்றால், மனநிலையோடு சேர்த்துப் பார்ப்பார்கள். தூக்கமே வேண்டாத உற்சாகமும் பெரும் திட்டங்களுமாக இருந்தபோது வந்ததா? இருமுனைக் கோளாறாக இருக்கலாம். ஆழ்ந்த மனச்சோர்வின் அடியில், ‘நான் பாவி, என் குடல் அழுகிவிட்டது’ என்ற நம்பிக்கையாக வந்ததா? அது மனச்சோர்வின் கடுமையான வடிவம். மனநிலையில் பெரிய மாற்றமில்லாமல் இது மட்டும் நீடித்தால்தான் மற்றப் பெயர்கள் வரும். அங்கே காலக்கணக்கு முக்கியம். அமெரிக்க வகைப்பாட்டின்படி, ஒரு மாதத்துக்குள் வந்து முற்றிலும் சரியாகிவிட்டால் அது குறுகியகாலச் சைக்கோசிஸ். மனச்சிதைவு என்று சொல்ல, அடையாளங்கள் ஏதோ ஒரு வடிவில் குறைந்தது 6 மாதம் நீடித்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் ஒரு மாதம் போதும். உங்கள் மருத்துவர் முதல் சந்திப்பில் பெரிய பெயர் எதையும் சொல்லாமல் ‘சைக்கோசிஸ்’ என்று மட்டும் எழுதியிருந்தால், அவர் எதையோ மறைக்கிறார் என்று நினைக்காதீர்கள். மாதங்கள் ஓடிய பிறகே தெரியக்கூடியதை அவர் இன்றைக்கே சொல்லவில்லை, அவ்வளவுதான். வாழ்நாளில் சைக்கோசிஸ் வருவது 100-க்கு 3 பேருக்கு, மனச்சிதைவு வருவது 100-க்குச் சுமார் ஒருவருக்கு. இரண்டும் ஒன்றில்லை என்பதை இந்த எண்களே சொல்கின்றன.

பரம்பரைக்குப் பங்கு உண்டு, ஆனால் விதி மாதிரி இல்லை. பெற்றோரில் ஒருவருக்கு மனச்சிதைவு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்ற அளவில் இருக்கிறது. அதாவது பத்தில் ஒன்பது பேருக்கு வருவதில்லை. ஒரே மாதிரி மரபணு கொண்ட இரட்டையரிலும் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் போவது சகஜம். பிறவியில் வந்த மென்மை, சிறுவயதுக் காயங்கள், தூக்கமின்மை, தனிமை, போதை, தாங்க முடியாத அழுத்தம் எல்லாம் கூடி ஓர் எல்லையைத் தாண்டும்போது இது வருகிறது. ‘நாங்கள் வளர்த்த விதம் சரியில்லையோ’ என்று அம்மாக்கள் அழுவதைப் பார்க்கும்போது கோபம் வருகிறது, அவர்கள் மீதல்ல. 1940-களிலும் 50-களிலும் மனநல மருத்துவர்கள் சிலர் தாயின் சுபாவமே மனச்சிதைவுக்குக் காரணம் என்று எழுதிவைத்தார்கள். ஆதாரமில்லை என்று அந்தக் கருத்து எப்போதோ கைவிடப்பட்டுவிட்டது. அது விதைத்த குற்ற உணர்ச்சி மட்டும் இன்னும் வீடுகளில் உட்கார்ந்திருக்கிறது.

மாத்திரை என்ன செய்கிறது

1952-இல் பாரிஸில் ஷான் டிலேயும் பியர் டெனிக்கரும் குளோர்புரோமசின் என்ற மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். குரல்களும் பீதியும் அடங்கின. அதற்கு முன் இந்த நோயாளிகளுக்குக் கிடைத்ததெல்லாம் பெரும்பாலும் பூட்டிய கதவுதான். இன்றைய ரிஸ்பெரிடோன், ஓலன்சபைன், ஹாலோபெரிடால், அமிசல்பிரைடு எல்லாம் அந்த வழியில் வந்தவையே. மூளையில் டோபமைன் வந்து உட்காரும் ஏற்பிகளை இவை அடைத்துவிடுகின்றன. அரிப்பிபிரசோல் கொஞ்சம் வேறுமாதிரி, அது அடைத்துக்கொண்டே சிறிதளவு தூண்டவும் செய்யும்.

முத்திரை விழுவதை மருந்து குறைக்கிறது. ஏற்கெனவே கட்டிய கதையை அது ஒரே நாளில் அழித்துவிடாது. அதனால்தான் குணமாகும் விதம் படிப்படியாக இருக்கிறது. முதல் சில நாளில் தூக்கமும் அமைதியும் வரும். “குரல் கேட்குது டாக்டர், ஆனா முன்ன மாதிரி இழுக்கல” என்று சொல்லும் கட்டம் அடுத்தது. பின் நம்பிக்கையின் பிடி தளரும்: ‘ஒருவேளை அவர் சும்மாதான் இருமினாரோ?’ ஒரு மருந்தைச் சரியான அளவில் 4 முதல் 6 வாரம் கொடுத்துப் பார்க்காமல் அது வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டுவதில்லை. இரண்டு மருந்துகள் அப்படித் தோற்றால் க்ளோசபைன் என்று ஒன்று இருக்கிறது. மற்றவை கைவிட்ட இடத்தில் பலருக்கு அது கைகொடுக்கிறது. வெள்ளை அணுக்களை அபூர்வமாக ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும் என்பதால் ஒழுங்காக ரத்தம் பார்த்துக்கொண்டே கொடுப்பார்கள்.

பக்கவிளைவுகளைப் பூசி மெழுகுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவற்றைச் சொல்லாமல் விடுவதால்தான் பாதிப்பேர் மாத்திரையைச் சத்தமில்லாமல் நிறுத்துகிறார்கள். எடை ஏறும், ஓலன்சபைனிலும் க்ளோசபைனிலும் கூடுதலாக. பசியே அடங்காது. அதனால் தொடங்கும்போதே எடை, இடுப்பளவு, சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்த்து, பிறகும் அவ்வப்போது பார்க்க வேண்டும். கை நடுங்கலாம், உடம்பு விறைக்கலாம், வாயில் எச்சில் வற்றலாம் அல்லது ஊறலாம். சில மருந்துகள் மாதவிடாயை நிறுத்தும், மார்பில் பால் சுரக்க வைக்கும், ஆண் பெண் இருவருக்குமே தாம்பத்திய ஆர்வத்தைக் குறைக்கும். வெட்கப்பட்டு இதைச் சொல்லாமல் இருப்பவர்கள் நிறைய. சொன்னால் மருந்தை மாற்றலாம்.

ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளாது, எழுந்து நடக்கத் தோன்றும். நடந்தால் உட்காரத் தோன்றும். நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருப்பார். இதற்கு அகதீசியா என்று பெயர். பார்க்கிறவர்களுக்குப் பதற்றம்போல, நோய் முற்றுவதுபோலத் தெரியும். அப்படித் தவறாக நினைத்து மருந்தின் அளவைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். உள்ளே இருப்பவருக்கு அது சித்திரவதை. ‘காலுக்குள்ள என்னவோ பண்ணுது, மாத்திரைக்கு அப்புறம்தான்’ என்று சொல்லிவிடுங்கள். அளவைக் குறைத்தோ மாற்று மருந்து கொடுத்தோ சரிசெய்துவிடலாம்.

மருந்து எடுக்கும் காலத்தில் கடும் காய்ச்சலும் உடம்பு மரக்கட்டைபோல் விறைப்பதும் குழப்பமும் சேர்ந்து வந்தால், காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகவேண்டும். மிக அபூர்வம், ஆனால் உயிருக்கு ஆபத்து. பலர் அறியாத இன்னொன்றும் உண்டு. சிகரெட் புகை ஓலன்சபைனையும் க்ளோசபைனையும் ஈரல் வேகமாகக் கரைத்துவிடும்படி செய்கிறது. ஆகவே புகைப்பதைத் திடீரென்று நிறுத்தினால் அதே மாத்திரை ரத்தத்தில் அதிகமாகிவிடும். நிறுத்துவது நல்ல காரியம்தான், மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

எத்தனை நாள் சாப்பிட வேண்டும்? முதல் முறைக்குப் பிறகு, நன்றாக ஆனபின்னும் ஓரிரு வருடமாவது தொடரச் சொல்வது பொதுவான வழக்கம். காரணத்தைப் பொறுத்து இது கூடும், குறையும். மாத்திரையை நிறுத்தினால் மறுநாளே நோய் திரும்பாது. அதுதான் சிக்கலே. நிறுத்திய முதல் வாரங்களில் மந்தம் போய்ச் சுறுசுறுப்பாகக்கூட இருக்கும். ‘பார்த்தீர்களா, மாத்திரையால்தான் இப்படி இருந்தேன்’ என்று தோன்றும். பல வாரம், சில சமயம் பல மாதம் கழித்துத்தான் தூக்கம் கெட ஆரம்பிக்கும். அதற்குள் இரண்டையும் யாரும் முடிச்சுப்போட்டுப் பார்க்க மாட்டார்கள். நிறுத்தும் ஆசை வருவது இயல்பு. அந்த ஆசையை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லி, மெல்ல மெல்லக் குறைப்பதைப் பற்றிப் பேசுவதே பாதுகாப்பு. தினம் நினைவு வைத்துக்கொள்வதுதான் பாடு என்றால், சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசியும் இருக்கிறது.

மருந்து மட்டும் போதாது. குரலோடு எப்படிப் பழகுவது, சந்தேகத்தை எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்று கற்றுத்தரும் பேச்சு சிகிச்சை உண்டு. முடிந்தால் கேட்டு வாங்குங்கள். தொடக்கத்திலேயே சிகிச்சை கிடைத்தால் மீள்வது எளிது என்பதால், முதல் முறை வந்த இளைஞர்களுக்கென்றே தனிச் சிகிச்சைக் குழுக்களும் பல நாடுகளில் இயங்குகின்றன.

கூட இருப்பவர்களுக்கு

இந்தப் பகுதியை வீட்டில் ஒருவரிடம் படிக்கக் கொடுத்துவிடுங்கள். ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளரும் அவர் சகாக்களும் லண்டனில் தொடங்கிய ஆய்வுகள் ஒன்றைத் தெளிவாகக் காட்டின. மருத்துவமனையிலிருந்து திரும்பியவர்களில், குறை சொல்லும் பேச்சும் கடுப்பும் அளவுமீறிய பொத்திப்பொத்திப் பார்த்தலும் நிறைந்த வீட்டுக்குப் போனவர்களுக்கு நோய் அதிகமாகத் திரும்பியது. நோயை உண்டாக்கியது வீடு என்று இதற்கு அர்த்தமில்லை. ஆறிக்கொண்டிருக்கும் மனத்துக்குச் சத்தம் ஆகாது, அவ்வளவே.

அவர் குரல் கேட்கிறது என்றால், ‘ஒண்ணுமில்ல, சும்மா இரு’ என்றும் வேண்டாம், ‘ஆமாம், எனக்கும் கேட்குது’ என்றும் வேண்டாம். “எனக்குக் கேட்கல. ஆனா உனக்குக் கேட்குதுன்னா பயமாத்தான் இருக்கும். பக்கத்துல உட்காரட்டுமா?” இது போதும். ஒரே நேரத்தில் நாலு பேர் புத்தி சொல்ல வேண்டாம். சின்னச் சின்ன வாக்கியங்களாகப் பேசுங்கள். ஆபத்தானவரோ என்ற பயம் உங்களுக்குள் இருந்தால், இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: சைக்கோசிஸ் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. தாக்கப்படும் வாய்ப்புதான் அவர்களுக்கு அதிகம். ஆனால் தன்னையோ பிறரையோ காயப்படுத்தும்படி குரல் கட்டளையிட்டாலோ, சாப்பாடு தண்ணீர் தூக்கம் அடியோடு நின்றாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ அடுத்த சந்திப்புவரை காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவமனை.

தெளிந்த பிறகு

தெளிவு வருவது கொண்டாட்டமாக மட்டும் இருக்காது. யாரிடம் என்ன பேசினோம், யார்மீது சந்தேகப்பட்டுக் கத்தினோம் என்பதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும். வெட்கமும் துக்கமும் பிடுங்கித் தின்னும். குரல் அடங்கிய பிறகு வரும் இந்த மனச்சோர்வு மிகச் சாதாரணமானது, ஆபத்தானதும்கூட. தற்கொலை எண்ணம் தலைகாட்டுவது இந்தக் கட்டத்தில் அதிகம். எல்லோரும் ‘அப்பாடா, சரியாகிவிட்டது’ என்று மூச்சுவிடும் நேரம் பார்த்து வருவதால் யாரும் கவனிப்பதில்லை. இப்படித் தோன்றினால் அதே மருத்துவரிடம், அதே அவசரத்தோடு சொல்லவேண்டும். இதற்கும் சிகிச்சை இருக்கிறது.

மறுபடி வேலைக்கோ படிப்புக்கோ போக முடியுமா? போகிறவர்கள் ஏராளம். சிலருக்கு ஒரே முறையோடு முடிந்துவிடுகிறது. சிலருக்கு இடைவெளி விட்டு வருகிறது. சிலருக்கு அடையாளங்கள் கொஞ்சம் தங்கிவிடுகின்றன, அவற்றோடேயே வாழக் கற்றுக்கொள்கிறார்கள். தென் கலிபோர்னியா பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் எலின் சாக்ஸ் மனச்சிதைவோடு பல பத்தாண்டுகளாக வாழ்கிறார். மாத்திரையும் பேச்சு சிகிச்சையும் தன்னைத் தாங்குகின்றன என்று அவரே பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறார். அவரைப்போல் ஆகவேண்டும் என்று யாரையும் விரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. கவனம் திரும்பப் பல மாதம் ஆகும். முதல் நாளே முழு நேரம் என்று குதிக்காமல் பாதி நேரத்தில் தொடங்குவது நல்லது.

யாரிடமெல்லாம் சொல்வது என்பது உங்கள் உரிமை. நம்பிக்கையான ஒருவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அலுவலகம் முழுக்கச் சொல்ல வேண்டிய கடன் எதுவும் உங்களுக்கு இல்லை.

நன்றாக இருக்கும் ஒரு நாளில் ஒரு தாள் எடுத்து எழுதிவையுங்கள். இந்த முறை ஆரம்பத்தில் என்னென்ன மாறியது என்று முதலில். பலருக்கும் அது தூக்கத்தில் தொடங்கும். அப்புறம் ஆளுக்கு ஆள் வேறுபடும்: ஒருவர் கைபேசியை அணைத்து வைக்க ஆரம்பிப்பார், ஒருவர் ஜன்னலை மூடுவார், ஒருவர் சாப்பாட்டை முகர்ந்து பார்ப்பார். உங்களைவிட வீட்டாருக்கு இது நன்றாக நினைவிருக்கும், அவர்களைக் கேளுங்கள். அதற்குக் கீழே, இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் யாருக்கு முதலில் போன் செய்வது, எந்த மருந்து ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை, ஒருவேளை நீங்கள் வரமாட்டேன் என்று அடம்பிடித்தால் யார் சொன்னால் கேட்பீர்கள் என்று எழுதுங்கள். ஒரு பிரதி மருத்துவரிடம், ஒன்று வீட்டில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஒருவரிடம். அடுத்த சந்திப்புக்குப் போகும்போது அதன் பின்பக்கத்திலேயே கேள்விகளையும் எழுதிக்கொள்ளலாம்: எனக்கு வந்தது எந்த வகை என்று இப்போது தெரிகிறதா, எப்போது தெரியும், இந்த மாத்திரையை எப்போது மறுபரிசீலனை செய்வோம்?